கேள்வி பதில்: கூரைக்குள் ஓடுவது யார்?

கேள்வி: சிக்லாப்பில் தரைவீட்டில் இருக்கிறோம். ஒரு மாதமாக ராத்திரி ஆனால் கூரைக்குள் தடதடவென்று ஓட்டம். காலையில் கார் நிறுத்தும் இடத்தில் விதை விதையாக எச்சம். எலி மருந்து வைக்கலாமா?
- வாசகி, சிக்லாப்

மருந்து வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எலி இல்லை, மரநாய். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் மூசாங் என்பார்கள். ஊரில் பனைமரம் ஏறி கள் கலயத்தில் வாய் வைக்கும் என்று தாத்தாக்கள் சொல்வார்களே, அதேதான். பேரில்தான் நாய், உண்மையில் புனுகுப்பூனையின் சொந்தக்காரன்.

சிக்லாப், ஓப்பரா எஸ்டேட் பக்கம் இவை பல வருஷமாகவே இருக்கின்றன, காரணம் அங்கே வீட்டுக்கு வீடு மா, பப்பாளி, சிக்கு (சப்போட்டா) மரங்கள். அந்த எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள், விதை உடையாமல் முழுசாக இருக்கும். சதையை மட்டும் செரித்துக்கொண்டு விதையை வேறு இடத்தில் போட்டுவிடும், காட்டில் எத்தனையோ மரங்கள் இப்படித்தான் பரவுகின்றன. போன வருஷம் தோழி வீட்டு மாமரத்தில் ஒன்றைப் பார்த்தேன். முகமூடி போட்ட மாதிரி கறுத்த முகம், முன்னங்காலால் பழத்தை அழுத்திக்கொண்டு அவசரமே இல்லாமல் தின்றது. மரத்தடியில் லேசாகப் பாண்டான் (ரம்பை) இலை வாசம், அது அதன் உடம்பு வாசம்.

பழம் கிடைக்காதபோது எலி, பூச்சி, நத்தை பிடிக்கும். மருந்து தின்ற எலியை அது தின்றால் அதுவும் சாகும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அனுமதியில்லாமல் பொறி வைப்பதும் குற்றம். கூரைக்குள் குட்டி போட்டிருக்கலாம், கொஞ்ச நாள் பொறுங்கள். குட்டிகள் வெளியேறியதும் ஓட்டை அடைத்து, கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நீர்த்தேக்கம் பக்கம் நடக்கப் போனால் அனுமார் என்று சொல்லி குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கிறார். தடுத்தால் கோபம்.
- வாசகர், ஈசூன்

அம்மாவின் மனசு புரிகிறது, என் பாட்டியும் அப்படித்தான். ஆனால் இங்கே 2020 ஜூன் முதல் எந்தக் காட்டு விலங்குக்கும் உணவு கொடுப்பது குற்றம், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தைவிட அந்தக் குரங்கை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மிடம் இருக்கும் நெடுவால் குரங்கு பழம், தளிர், பூச்சி எல்லாம் தின்னும், அலையாத்திக் காட்டில் நண்டுகூடப் பிடிக்கும், அதற்குப் பசி தீர வழி தெரியும். கையிலிருந்து வாங்கிப் பழகினால் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பாயும், சாலையோரத்திலேயே காத்திருக்கும், கார் அடித்துப் போகும். அப்புறம் ஆளைக் கடித்தது என்று புகார் வரும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் ஆபத்து.

நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள நடுக்காட்டில் ராஃபிள்ஸ் லங்கூர் என்று இன்னொரு கறுப்புக் குரங்கு உண்டு. மரத்தின் உச்சியிலேயே வாழ்ந்து இலையும் காயும் விதையும் தின்னும், இந்தத் தீவில் நூறுகூட இல்லை. நடக்கும்போது அம்மாவை மேலே பார்க்கச் சொல்லுங்கள், அமைதியாக நின்றால் ஒருநாள் கண்ணில் படலாம்.

கேள்வி: நீர்நாய்கள் எங்கள் குளத்து கோய் மீன்களைக் காலி செய்துவிட்டன. முன்பெல்லாம் இப்படி இல்லையே?
- வாசகர், புக்கிட் தீமா

ஆமாம், நடுவில் பல வருஷம் நீர்நாய்களே கண்ணில் படவில்லை. ஆறுகளைச் சுத்தம் செய்யும் வேலை 1977ல் தொடங்கி பத்து வருஷம் நடந்தது, தண்ணீர் தெளிந்து மீன் வந்த பிறகுதான், 1990களின் கடைசியில் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் மறுபடி குடியேறின. இப்போது கால்வாய் வழியாகவே ஊர் முழுக்கப் போகின்றன. மீன்தான் அவற்றின் சாப்பாடு, உங்கள் கோய் விலை அவற்றுக்குத் தெரியாது. குளத்துக்குக் கெட்டியான வலை போட்டு, வேலிக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் வடிகால் வாயையும் கம்பி வைத்து அடையுங்கள். சின்ன இடுக்கு என்று விட்டுவிடாதீர்கள், தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.