இருவர் பயணத்துக்கு ஒரு இரண்டாவது பைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணவன் மனைவியாக ஊர் சுற்ற இரண்டாவது பைக் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த மாடல்?" என்றே தொடங்குகின்றன. பின்னால் உட்காரப் போகிறவரின் எடை, உயரம், முதுகு, முழங்கால் பற்றி ஒரு வரியாவது எழுதியவர்கள் மிகச் சிலர். என் பதில்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அலுவலகம் போக வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கிறது என்றால், இரண்டாவது வண்டியிடம் மைலேஜையும் நெரிசலில் புகுந்து போகும் திறனையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேரையும் அவர்களுடைய சாமான்களையும் பத்திரமாகச் சுமந்து, மாலையில் இருவரும் வலியில்லாமல் இறங்கும்படி செய்தால் போதும்.

அன்றாடத்துக்கு 125 சிசி வண்டி இருக்கிறது. மனைவியுடன் மூணாறு, வால்பாறை, ராமேஸ்வரம் என்று போக ஆசை. என் எடை 78 கிலோ, மனைவி 62 கிலோ. 350 சிசி போதுமா, 450க்குப் போக வேண்டுமா? — வாசகர், திருப்பூர்

எடையையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. முதலில் ஒரு கூட்டல் கணக்கு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பெட்ரோலுடன் 196 கிலோ. ஆள், சாமான் எல்லாம் ஏறிய பிறகு அது இருக்கக்கூடிய மொத்த எடையின் உச்சவரம்பு 394 கிலோ. அதாவது, நீங்கள் ஏற்றக்கூடியது 198 கிலோ. உங்கள் இருவரின் எடை 140. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ, கையுறை எல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து 10 கிலோ வரும். அலுமினியப் பெட்டிகள் இரண்டும் அவற்றைத் தாங்கும் சட்டமும் 15 கிலோ. துணிமணி, மழைக்கோட்டு, தண்ணீர், பஞ்சர் சாமான் 20 கிலோ. கூட்டினால் 185. நெடும்பயணத்துக்கென்றே செய்த 450 சிசி வண்டியிலேயே மிச்சம் 13 கிலோதான். சிசி கூடினால் சுமக்கும் திறனும் கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வண்டிக்கும் உரிமையாளர் கையேட்டில் இந்த இரண்டு எண்களையும் தேடிப் பிடித்துக் கழித்துப் பாருங்கள். விற்பனையாளர் தானாக இதைச் சொல்ல மாட்டார்.

அடுத்து எஞ்சின். ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 சுமார் 20 குதிரைத்திறன் தருகிறது. அதன் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை (டார்க்) நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்த வகை இழுவிசைதான் தேவை. இரண்டாவது, மூன்றாவது கியரில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அமைதியாக ஏறிவிடும். 350இன் குறை தெரியும் இடம் வேறு: இருவழிச் சாலையில் லாரியை முந்தும் தருணம். முழுச் சுமையோடு 60இலிருந்து 80க்குப் போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீங்கள் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். ஹிமாலயனின் 40 குதிரைத்திறனுக்கு அந்தச் சிரமம் இல்லை.

பணத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 40 சதவீதம். அந்த வித்தியாசத்தில் இரண்டு பேருக்கும் நல்ல ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்கிவிடலாம்.

உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு, அல்லது நாளுக்கு 300 கிலோமீட்டருக்குள் முடியும் பயணம்தான் உங்கள் பழக்கம் என்றால் மீட்டியோர் 350 அல்லது ஹோண்டா சிபி350 வகையே போதும் என்பேன். மாதக்கணக்கில் விடுப்பு எடுத்து ஸ்பிதி, லடாக் என்று போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் 450.

அறுபது கிலோமீட்டர் தாண்டினாலே எனக்கு வால் எலும்பு வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது. பெரிய க்ரூஸர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். உண்மையா? — வாசகி, நாகர்கோவில்

அம்மா, பெரிய வண்டி வாங்குவதால் மட்டும் இது தீராது. க்ரூஸர் வண்டிகள் ஓட்டுபவருக்குச் சாய்வு நாற்காலி போன்ற வசதியைத் தருகின்றன. அதே வசதி பின்னால் இருப்பவருக்கும் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. சூப்பர் மீட்டியோர் 650 அருமையான எஞ்சின் கொண்ட வண்டி. ஆனால் அதன் பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் 101 மில்லிமீட்டர்தான். ஹிமாலயன் 450இல் அது 200 மில்லிமீட்டர். நம் ஊர் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இந்த வித்தியாசம் நேரே உங்கள் முதுகெலும்பில் தெரியும். ஓட்டுபவர் தடையைப் பார்த்துத் தயாராகிவிடுகிறார். உங்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிகிறது.

வால் எலும்பு வலிக்குக் காரணம் பெரும்பாலும் இருக்கையின் அகலமும் கடினத்தன்மையும். பின்னிருக்கை குறுகலாக இருந்தால் உடல் எடை முழுவதும் ஓர் உள்ளங்கை அகலத்தில் இறங்குகிறது. அது முன்பக்கம் சரிந்திருந்தால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வழுக்கி முன்னால் வந்து, மறுபடி பின்னால் தள்ளிக்கொண்டு, அதிலேயே களைத்துப்போவீர்கள். கால் மரத்துப்போவது கால்மிதியின் உயரத்தால். மிதி உயரமாக இருந்தால் முழங்கால் கூர்மையாக மடங்கி, தொடையின் கீழ்ப்பகுதி இருக்கையிலிருந்து எழும்பிவிடும். எடை முழுவதும் மறுபடி வால் எலும்புக்கே போகும்.

ஆகவே ஷோரூமுக்கு நீங்களும் போங்கள். டெஸ்ட் ரைடு இருவருமாகச் செய்யுங்கள். ஐந்து நிமிடச் சுற்று போதாது, அரை மணி நேரம் கேளுங்கள். வேகத்தடை உள்ள தெருவில் ஓட்டச் சொல்லுங்கள். இறங்கியதும் நான்கு விஷயங்களைச் சொல்லிப் பாருங்கள்: முழங்கால் மடங்கியது எப்படி, கை பிடிக்க இடம் இருந்ததா, புகைக்குழாய்ச் சூடு வலது காலில் பட்டதா, பிரேக் பிடித்தபோது வழுக்கினீர்களா. நகரங்களில் பைக்குகளை நாள் வாடகைக்கும் தருகிறார்கள். வாங்க நினைக்கும் வண்டியையே ஒருநாள் எடுத்துக் கன்னியாகுமரி, திருச்செந்தூர் வரை போய் வந்துவிடுங்கள். லட்சங்கள் போடுவதற்கு முன் அந்த வாடகை பெரிய செலவு அல்ல.

இப்போது இருக்கும் வண்டியிலேயே ஒன்று செய்யலாம். சீட் தைப்பவரிடம் கொடுத்துப் பின்னிருக்கையை அகலமாக்கி, அடர்த்தியான ஃபோம் வைத்து, சரிவை நீக்கச் சொல்லுங்கள். முதுகு சாய ஒரு தடுப்பும் பொருத்துங்கள். வலி பாதியாகக் குறைந்தால் புதுவண்டி பற்றி அவசரமில்லாமல் யோசிக்கலாம். வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே அடுத்த பயணம்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். உயரமான அட்வென்சர் வண்டிகள் பிடித்திருக்கின்றன. பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏற முடியுமா என்று பயம். — வாசகர், சேலம்

பயம் நியாயமானது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து, நீங்கள் சரிவில் நின்றாக வேண்டிவரும். அந்த நேரத்தில் ஒரு பாதமாவது முழுதாகத் தரையில் பதிய வேண்டும். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸின் இருக்கை உயரம் 835 மில்லிமீட்டர், ஹிமாலயன் 450 குறைந்தபட்சம் 825. சிபி350 ஹைனெஸ் 800, மீட்டியோர் 350 வெறும் 765. ஆளேறினால் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமிழும் என்பது உங்களுக்குச் சாதகம். ஆனாலும் வண்டி சாயத் தொடங்கிவிட்டால் பின்னால் இருப்பவரின் எடையும் சேர்ந்தே சாய்கிறது.

வி-ஸ்ட்ராமை முழுதாக ஒதுக்கிவிடாதீர்கள். அது 167 கிலோதான். மீட்டியோரைவிட 24 கிலோ குறைவு. உயரமான ஆனால் இலேசான வண்டியைச் சமாளிப்பது சிலருக்கு எளிது. இரண்டிலும் மனைவியை ஏற்றி, சரிவில் நிறுத்தி, திருப்பிப் பாருங்கள். தோள் இறுக்கமில்லாமல் எது திரும்புகிறதோ அது உங்களுடையது.

ஏறும் முறையையும் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் உட்கார்ந்து, வண்டியை நிமிர்த்தி, இரண்டு காலையும் ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ஏறலாம்" என்று சொன்ன பிறகே அவர் இடப்பக்கத்திலிருந்து ஏற வேண்டும். இறங்கும்போதும் அப்படியே.

நேராக 650 சிசி வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். நெடுஞ்சாலையில் 120இல் சுகமாகப் போகலாமே? — வாசகர், சென்னை

நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர். துணையைப் பின்னால் வைத்துக்கொண்டு 120இல் போவதற்காக 650 வாங்குகிறீர்கள் என்றால், வாங்காதீர்கள். 80இல் எஞ்சின் சிரமமே இல்லாமல், அதிர்வில்லாமல் நாள் முழுவதும் ஓடும் என்பதற்காக வாங்குவதானால் அது நல்ல காரணம். இரட்டை சிலிண்டரின் அருமை அதில்தான் இருக்கிறது. சூப்பர் மீட்டியோர் 241 கிலோ என்பதை மறக்க வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் அதைப் பின்னால் தள்ளி வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முக்கியத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்கு அனுமதி இல்லை. அங்கே எந்த சிசி ஆனாலும் சர்வீஸ் சாலைதான்.

டாப் பாக்ஸா, பக்கவாட்டுப் பைகளா? — வாசகர், மதுரை

பக்கவாட்டுப் பைகள். கனமான பொருள் தாழ்வாகவும் வண்டியின் நடுவை ஒட்டியும் இருக்க வேண்டும். டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. அதில் எடை ஏறினால் முன்சக்கரம் இலேசாகி, கைப்பிடி தள்ளாடத் தொடங்கும். அதன் தாங்கியில் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். அதை மீறாமல் மழைக்கோட்டு, துணி போன்ற இலேசான பொருள்களை மட்டும் வையுங்கள். முதுகு சாய்வதற்கும் அது உதவும் என்பதால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் இதன் பொருள் நன்றாகப் புரியும். காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உங்கள் பெட்டிகளிலும் மோதுகிறது. அங்கே 60க்குக் கீழே வந்துவிடுங்கள்.

சுமை ஏறியதும் மூன்று வேலை உண்டு. டயர் காற்றைக் கையேட்டில் "இருவர்" என்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டுங்கள். பிறகு முகப்பு விளக்கைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள். பின்பக்கம் அமிழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். இரண்டாவது வேலையைப் பெரும்பாலானோர் வண்டியின் ஆயுள் முழுவதும் செய்வதே இல்லை. அதனால்தான் குழியில் விழும்போதெல்லாம் அடிவரை இடிக்கிறது.

எங்கள் வீட்டில் நான்தான் ஓட்டுகிறேன், கணவர் பின்னால். அவர் என்னைவிட 25 கிலோ அதிகம். ஏதாவது தனி ஆலோசனை உண்டா? — வாசகி, கோவை

உண்டு. பின்னால் கனம் கூடும்போது வண்டியின் சொந்த எடை கை கொடுக்கும். மிக இலேசான வண்டி வேண்டாம். தாழ்வான இருக்கை, இரட்டைச் சேனல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரங்களும் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அகலமான கைப்பிடி ஆகிய மூன்றையும் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். 180 முதல் 195 கிலோ எடையுள்ள 350 வகை வண்டிகள் உங்களுக்குப் பொருந்தும். வளைவில் அவர் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் சாயாமல், உங்கள் உள்தோளுக்கு மேலாகப் பார்த்தபடி வர வேண்டும் என்று சொல்லுங்கள். மலையிறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பின்பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். உதகை, கொடைக்கானல் இரண்டுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். உதகையிலிருந்து முதுமலை வழியாக மைசூரு போவதானால் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

பழைய ஹிமாலயன் 411 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா? — வாசகர், ஓசூர்

இருவர் பயணத்துக்கு அது இன்றும் நல்ல வண்டி. 800 மில்லிமீட்டர் இருக்கை உயரம், மென்மையான சஸ்பென்ஷன், அவசரமில்லாத எஞ்சின். சுமார் 24 குதிரைத்திறன்தான் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 2023க்குப் பிறகு விற்பனையில் இல்லை என்பதால் சர்வீஸ் வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ஐந்தாண்டு தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் புது டயரின் விலையைப் பேரத்தில் கழியுங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டியானால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எந்த ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் நிலையத்தில் விசாரியுங்கள். பணம் கொடுத்த அன்றே உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வண்டி என்பதால் வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது. என்ன செய்ய? — வாசகர், தஞ்சாவூர்

வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சினை இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பது பேட்டரியைக் காலி செய்யுமே தவிர நிரப்பாது. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் டேங்க்கை நிரப்பி வையுங்கள், செயினுக்கு எண்ணெய் போடுங்கள், மையத் தாங்கி இருந்தால் அதில் நிறுத்துங்கள். ஓட்டாத வண்டிதானே என்று இன்ஷூரன்ஸைத் தவறவிடாதீர்கள். பயணத்துக்கு முந்தைய இரவு சரிபார்ப்பதைவிட, இரண்டு நாள் முன்னதாகவே மனைவியையும் ஏற்றிக்கொண்டு கல்லணை வரை ஒருமுறை போய் வந்துவிடுங்கள். ஏதாவது கோளாறு இருந்தால் சரிசெய்ய ஒரு வேலைநாள் கையில் இருக்கும்.