பார்க்கிங் இடம் கேட்க பென்ஷன் ஆணை போதுமா?

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தேன். கண்ணிவெடியில் இடது கணுக்கால் சிதைந்து வெளியே வந்தேன். பென்ஷன் ஆணையில் 50 சதவீத ஊனம் என்று உள்ளது. ஒரு தனியார் மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் காரை நிறுத்தப் போனால், "பர்மிட் இருக்கிறதா?" என்று காவலாளி தடுக்கிறார். முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டியும் விடவில்லை. அந்த பர்மிட்டை எங்கே வாங்குவது?

- வேலூர் வாசகர்

பதில்: ஐயா, நாட்டுக்காகக் காலைக் கொடுத்த உங்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது வேதனை தருகிறது. ஆனால் நீங்கள் காட்டிய அட்டை இதற்கு உதவாது. அந்த இடம் ராணுவப் பணிக்காக ஒதுக்கப்பட்டதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் வருவது. நாடு முழுக்கச் செல்லும் தனி பார்க்கிங் பர்மிட் நம் நாட்டில் இல்லை. உங்கள் நிலைக்கு நாடு முழுக்கச் செல்லும் சான்று யுடிஐடி கார்டுதான், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை.

பென்ஷன் ஆணையை வைத்து அந்தக் கார்டு தானாக வந்துவிடாது, விண்ணப்பிக்க வேண்டும். இங்கேதான் முன்னாள் வீரர்கள் பலர் குழம்புகிறார்கள். ராணுவ மருத்துவ வாரியம் 30 சதவீதம் என்று மதிப்பிட்டிருந்தாலும், பென்ஷன் கணக்குக்காக அதை 50 ஆக உயர்த்தித் தரும் வழக்கம் 1996 முதல் இருக்கிறது. ஆகவே ஆணையில் உள்ள 50-ஐ நம்பி இருக்காமல், வாரியத்தின் அசல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதையும் சிகிச்சை ஆவணங்களையும் இணைத்து யுடிஐடி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கிடைக்கும். அரசு மருத்துவர்கள் புதிதாகப் பரிசோதித்துச் சதவீதம் எழுதுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. அதற்குக் கீழே வந்தாலும் கார்டு உண்டு. இதனால் பென்ஷன் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், அது வேறு கணக்கு.

கார் உங்கள் பெயரில் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் பாருங்கள். 2020 அக்டோபரில் வாகனப் பதிவுக்கான விண்ணப்பமான படிவம் 20 திருத்தப்பட்டது. அதன்பின் வாகனப் பதிவிலேயே உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிக்க முடிகிறது. கண்ணாடியில் ஒட்டும் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் அடையாளத்துக்கு நல்லது, ஆனால் அது மட்டுமே சான்று ஆகாது.

சரி, கார்டைக் காட்டியும் மறுத்தால்? தேதி, நேரம், புகைப்படத்தோடு நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். காவலாளியோடு வாதாட வேண்டாம், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்புங்கள். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

மனுவில் ராஜீவ் ரத்தூரி வழக்கைக் குறிப்பிடுங்கள். அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை உருவாக்க உத்தரவிட்டது. கட்டணம் செலுத்தி வழக்கறிஞர் வைத்துத்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. நீங்களே தமிழில் எழுதலாம்.

ஒன்று மறக்க வேண்டாம். அந்த உரிமை உங்களுக்கு, காருக்கு அல்ல. மனைவியோ மகனோ ஓட்டி வந்து உங்களை இறக்கினாலும் இடம் கேட்கலாம். நீங்கள் வராத நாளில் அவர்கள் அங்கே நிறுத்தக் கூடாது.