வெள்ளை நாயின் கண்ணோரம் துரு நிறக் கறை: தண்ணீரை மாற்றினால் போகுமா?

பாளையங்கோட்டையில் வளரும் உங்கள் வெள்ளை ஷிட்சுவுக்குக் கண்ணோரம் கறை படிகிறது, போர்த் தண்ணீர்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் தண்ணீர் இல்லை; கறையைத் தருவது கண்ணீரில் உள்ள பார்ஃபைரின் என்ற நிறமி. கண்ணீர் மூக்குக்குள் வடியாமல் வழிந்து முடியில் காயும்போது பழுப்பாகப் படிகிறது. ஆகவே அது ஏன் வழிகிறது என்று பார்ப்பதே முக்கியம். ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் கண்ணீர்க் குழாய் வளைந்திருக்கும், முகத்து முடியும் கண்ணில் உரசும். நம்ம பக்கத்து ஆடிக்காற்றுப் புழுதியும் சேர்ந்தால் கண் இன்னும் கலங்கும்.

கண்ணை உரசும் முடியைக் கத்தரித்துவிடுங்கள். தினமும் கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். அப்புறம் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஈரம் நின்றால் ஈஸ்ட் வளர்ந்து நாறும். ஹைட்ரஜன் பெராக்சைடு, எலுமிச்சைச் சாறு எதுவும் கண் பக்கமே வேண்டாம். கறை போக்கும் பொடிகள் சிலவற்றில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கும். தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். பிடித்த கறை முடி வளர வளர வெட்டினால்தான் போகும்.

ஒரு கண்ணில் மட்டும் திடீரென வழிந்தாலோ, கண் சிவந்து இடுக்கினாலோ, பச்சையாகப் பீளை தள்ளினாலோ தாமதிக்காமல் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் சாயச் சொட்டு விட்டுப் பார்த்தால் குழாய் அடைப்பும் கருவிழிப் புண்ணும் தெரிந்துவிடும்.