வீட்டுக்குப் பின்னால் ஒரு தச்சுப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

வாசகர், நாகர்கோவில்: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டின் பின்புறம் 10 அடிக்கு 14 அடி இடம் இருக்கிறது. ஸ்டூல், புத்தக அலமாரி, பேரப்பிள்ளைகளுக்குச் சிறு மேசை என்று செய்து பழக ஒரு பட்டறை போட விரும்புகிறேன். கூரையையும் சன்னலையும் எப்படி அமைக்கலாம்? மேசை ரம்பம் ஒன்றை முதலில் வாங்கிவிடலாமா?

மேசை ரம்பத்தை, அதாவது மேசையின் நடுவே வட்ட ரம்பம் சுழலும் இயந்திரத்தை, இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பிளைவுட் தாள் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. அதை நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால் ரம்பத்துக்கு முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியும் வெற்றிடம் வேண்டும். உங்கள் அறையின் நீண்ட பக்கமே 14 அடிதான். இயந்திரத்தைக் கதவுக்கு நேராக வைத்து, அறுபட்ட பலகை வாசல் வழியே வெளியே போகும்படி செய்து சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், வேலை இல்லாத நாளிலும் அது அறையின் நடுவை அடைத்துக்கொண்டே நிற்கும். பிளைவுட்டைக் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்குங்கள். மரக்கடைகள் பலவற்றில் சட்டங்களையும் பலகைகளையும் இழைத்தே தருவார்கள்.

அந்தப் பணத்தில் முதலில் கனமான வேலை மேசை ஒன்றைச் செய்யுங்கள். நம் ஆசாரிமார் தரையில் அமர்ந்து காலால் பலகையைப் பிடித்துக்கொண்டே எல்லா வேலையையும் முடித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற முழங்காலுக்கு அது ஒத்துவராது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே இழைப்பதற்கு ஏற்ற உயரம். பெரும்பாலோருக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். நீளம் 5 அடி, அகலம் 2 அடி போதும். கால்கள் மெலிந்திருந்தால் இழைப்புளியைத் தள்ளும்போது பலகையோடு மேசையும் நகரும். கருவிகளில் இழைப்புளி ஒன்று, உளிகள் மூன்று, கைரம்பம், மூலைமட்டம், நல்ல சாணைக்கல், நான்கைந்து கிளாம்ப், ஒரு டிரில் ஆகியவை தொடக்கத்துக்குத் தாராளம். சாணைக்கல்லில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கட்டடத்துக்கு வருவோம். உங்கள் ஊருக்கு ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஆகவே தரையை ஒன்றரை அடியாவது உயர்த்தி, காங்கிரீட் போடும் முன்பே மண்ணுக்குக் கரையான் தடுப்பு மருந்து அடித்துவிட வேண்டும். மேசையையும் மர அடுக்கையும் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால், சுவரில் மண்புற்று ஏறுவது கண்ணில் படும். தகரக் கூரை மலிவு. ஆனால் பகலில் உள்ளே நிற்க முடியாது. ஈரக்காற்றுள்ள இரவுகளில் அதன் அடியில் நீர் கோத்துச் சொட்டி, கருவிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். உங்கள் பகுதியில் ஓடு வேய்வது புதிதன்று, அதையே பரிந்துரைக்கிறேன். 8 அடித் தாளை நிமிர்த்தித் திருப்புவதற்கு வசதியாகச் சுவர் 10 அடி உயரம் இருக்கட்டும்.

பட்டறைக்கு வடக்குச் சன்னல்தான் நல்லது, அதில் வெயில் விழாது என்று நூல்களில் காணப்படும். அது குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதியது. நாகர்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 8 பாகை தள்ளியே இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சூரியன் உங்களுக்கு வடக்கே நிற்கும். வடக்கில் சன்னல் வையுங்கள். அதற்கு மேல் அகலமான வெயில் மறைப்பும் போடுங்கள்.

மின்சாரத்துக்கு வீட்டின் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., முறையான எர்த் ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திவிடுங்கள். மோட்டார்கள் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், பழைய பிளக் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டுக் காலம் தள்ளுவது ஆபத்து.

வாசகி, தஞ்சாவூர்: புயல் காற்றில் சாய்ந்த எங்கள் வீட்டு வேப்பமரத்தை அறுத்து, உடனே ஊஞ்சல் பலகை செய்யலாமா?

உடனே செய்தால் பலகை வளைந்து வெடிக்கும். மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை. அகலத்தில்தான் சுருங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. எனவே பச்சையாக இருக்கும்போதே மில்லில் கொடுத்துத் தேவைக்குக் கால் அங்குலம் கூடுதல் கனத்தில் பலகைகளாக அறுத்து, வெட்டுமுனைகளில் பழைய பெயின்ட்டோ உருக்கிய மெழுகோ பூசுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பலகைக்குப் பலகை ஓர் அங்குலக் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. உறுதிப்படுத்த விரும்பினால் ஒரு துண்டை மாதம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. ஊஞ்சலுக்கு வைரம் பாய்ந்த நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிமரத்தைப் பூச்சி எளிதில் அரிக்கும்.

வாசகர், கோயம்புத்தூர்: எப்போதாவது ஞாயிறு மட்டும் மரவேலை செய்பவருக்கும் முகக்கவசம் தேவையா?

தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. எப்போதாவது செய்பவருக்கு நாள்தோறும் தூளில் நிற்பவரின் அளவுக்கு அபாயம் இல்லை என்றாலும், உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத தூள் துணிக் கவசத்தைத் தாண்டிவிடும். என்95 வகையே வேண்டும். வேலை முடிந்ததும் தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். தூளைப் போலவே இன்னோர் எச்சரிக்கை: மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல், கொடியில் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.