சைக்கிளில் எஞ்சின் பொருத்தி ரேஸ் ஓட்ட ஆசை. எந்த எஞ்சின் வாங்கித் தொடங்கலாம்?

இந்தக் கேள்வியில் "எந்த எஞ்சின்" என்று இருப்பதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் ஒரு பழைய சைக்கிள் இருக்கிறது, வீடியோ பார்த்து ஆசை வந்திருக்கிறது, கொஞ்சம் பணமும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பணத்தை முதலில் பிரேக்குக்கும் பின் சக்கரத்துக்கும் செலவழியுங்கள். மிச்சத்தில் எஞ்சின் வாங்கலாம்.

ஆரம்பத்திலேயே பயமுறுத்துகிறான் என்று யாராவது சொல்வார்கள். நான் பயமுறுத்தவில்லை. நானும் ஓட்டுகிறவன்தான். ரேஸ் நாள்களில் மற்றவர்களின் வண்டியைச் சோதித்துப் பார்த்து உள்ளே விடுகிற வேலையும் செய்கிறேன். அதனால் எது எங்கே கழன்று விழும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எஞ்சின் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது ஃபிரேமுக்கு நடுவில் உட்காரும் டூ ஸ்ட்ரோக் கிட், அதாவது எஞ்சினும் அதை மாட்டத் தேவையான பாகங்களும் சேர்ந்து வரும் டப்பா. டப்பாவில் 80 சிசி என்று போட்டிருந்தாலும் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 38 மில்லிமீட்டர் என்றால் கணக்குப்படி வருவது 66 சிசிதான். போட்டிப் பிரிவுகளை சிசி வைத்துப் பிரிக்கிற இடங்களில் டப்பாவை நம்பிப் பெயர் கொடுக்காதீர்கள், அளந்து பாருங்கள். முதல் வருடம் அந்த எஞ்சினை அப்படியே ஓட்டுங்கள். சைலன்சரை மாற்றுவது, சிலிண்டர் ஹெட்டைச் சீவுவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேகம் வேண்டும் என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்றினாலே கிடைத்துவிடும். இந்தக் கிட்டுகளில் எஞ்சினுக்குள்ளேயே சுழற்சி 4.1 மடங்கு குறைகிறது. வெளியே முன்னால் 10 பல், பின்னால் 44 பல். 26 அங்குலச் சக்கரத்தோடு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் வண்டி மணிக்கு 41 கிலோமீட்டர் போகும். பின்னால் 36 பல் போட்டால் அதே சுற்றில் 50. ஒன்பது கிலோமீட்டர்தானே கூடியது என்று தோன்றும். ஆனால் நிறுத்தும்போது பிரேக் தாங்கவேண்டிய சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பிரேக் மட்டும் உள்ள சைக்கிள்களில் இதே எஞ்சினை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். முன் சக்கரத்தில் நல்ல டிஸ்க் பிரேக், இல்லாவிட்டால் ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிற வி-பிரேக் புதுக் கட்டையோடு கட்டாயம் வேண்டும்.

சக்கரம் என்றேன் அல்லவா, அதற்குக் காரணம் ஒரு பையன். இருபது வயதுகூட இருக்காது. டேங்குக்குத் தானே பெயிண்ட் அடித்து, ஒயர்களை அழகாகக் கட்டி, பார்க்கவே ஆசையாக ஒரு வண்டி கொண்டு வந்தான். நான் குனிந்து செயின் டென்ஷனரைப் பிடித்தேன். செயினைத் தொய்வில்லாமல் வைத்திருக்கிற சின்ன உருளைதான் அது. பின் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்குழாயில் ஒரு பட்டையை வைத்து இறுக்கியிருந்தார்கள். கட்டைவிரலால் தள்ளினேன், ஸ்போக்ஸ் பக்கம் திரும்பியது. அந்தக் குழாய் பின்பக்கம் போகப்போக வடிவம் மாறும். அதிர்வில் பட்டை வழுகும். உருளை ஸ்போக்ஸுக்குள் புகுந்தால் பின் சக்கரம் பட்டென்று நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் அப்படி நின்றால் ஓட்டுகிறவன் எங்கே போய் விழுவான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"தம்பி, இதோடு உள்ளே விட முடியாது" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கூட வந்த அவன் மாமாதான் எகிறினார். "புள்ள ராத்திரியெல்லாம் தூங்காம செஞ்ச வண்டி சார், நீங்க யாரு வேணாம்னு சொல்ல?" சுற்றி நின்றவர்களும் அவர் பக்கம்தான். கண்டிப்புக்காரன், ஆசையைக் கெடுக்கிறவன் என்றெல்லாம் காதில் விழுந்தது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சோதனையில் நிற்கிறவனுக்கு யாரையும் தடுக்க ஆசை கிடையாது. அவன் தலையாட்டி அனுப்பிவிட்டால் எல்லாருக்கும் நல்லவன் ஆகிவிடலாம்.

அவன் ஃபிரேமில் பின் அச்சு உட்காரும் இடம் கிடையாக நீண்ட பள்ளமாக இருந்தது. அந்த மாதிரி ஃபிரேமுக்கு டென்ஷனரே வேண்டாம். அதைக் கழற்றிப் போட்டோம். செயினைக் குறைத்து ஒரு அரைக் கண்ணி சேர்த்தோம், சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்கினோம். பிறகு பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தோம். முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டில் இருந்தன. செயினை நடுவில் அழுத்தினால் ஒரு விரல் அளவுக்குத் தொய்வு. அவன் பயிற்சிச் சுற்றைத் தவறவிட்டான், கடைசி வரிசையிலிருந்து கிளம்பினான். ஆனால் முழு ரேஸையும் ஓட்டி முடித்தான். வளைவுகளில் உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைச் சாய்த்தான், அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெடல் கீழே இருக்கும்போது சாய்த்தால் தரையில் இடித்துத் தூக்கிப் போட்டுவிடும். இதைச் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறவர்கள் குறைவு. மாமா மட்டும் போகும்போதுகூட என்னிடம் பேசவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

அன்றைக்கு அந்த வேலை முடியத் தாமதமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் செயின் கட்டர் பெட்டியில் இல்லை. "இதோ அஞ்சு நிமிஷத்துல தரேன்" என்று வாங்கிப் போனவர் யாரென்றே தெரியவில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான். நட்டை அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் வாங்கிப் போனால் திரும்பி வருவதில்லை, வந்தாலும் அழுக்கோடு வருகிறது. கேட்டால் "ஒரு ஸ்பானருக்கா இப்படி" என்று முகம் சுளிக்கிறார்கள். கருவி கடன் வாங்கினால் துடைத்து, அதே ஆள் கையில் கொடுங்கள். ரேஸுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லவேண்டியது இது.

சரி, எரிபொருளுக்கு வருவோம். டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்கவேண்டும். புது எஞ்சினுக்கு 16க்கு 1 என்று கலப்பது வழக்கம், அதாவது ஒரு லிட்டருக்கு 62 மில்லி. பழகிய பிறகு 25க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. கிட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இல்லாவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. அப்படியே ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிஸ்டன் சூடேறி எஞ்சின் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும், பின் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அதனால் க்ளட்ச் லீவரிலிருந்து விரலை எடுக்காதீர்கள். சத்தம் மாறிய நொடியில் பிடித்துவிட்டால் சக்கரம் தன்பாட்டில் உருளும்.

"இதெல்லாம் பொம்மை வண்டி, இதற்குப் போய் இவ்வளவா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1946இல் சோய்சிரோ ஹோண்டா தொடங்கியதும் இப்படித்தான், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கான சின்ன எஞ்சின்களை வாங்கி சைக்கிளில் மாட்டி விற்றார். இத்தாலிய பைக் கம்பெனியான டுகாட்டி செய்த முதல் எஞ்சினான குச்சோலோ, சைக்கிளில் மாட்டுகிற 48 சிசி எஞ்சின்தான். 50 சிசி வண்டிகளுக்கு 1962 முதல் 1983 வரை உலக சாம்பியன்ஷிப்பே நடந்தது. சின்ன எஞ்சினை வைத்து ஓட்டுவது எந்த விதத்திலும் குறைச்சலில்லை.

ஃபிரேம் இரும்பாக இருக்கட்டும். எஞ்சினைப் பிடிக்கிற இடத்தில் கீறல் விழுகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துணியால் துடைத்துப் பாருங்கள். கிட்டோடு வரும் போல்ட்டுகளை நல்ல தரத்துக்கு மாற்றுங்கள், நட்டுக்கு லாக் பசை போடுங்கள். பின் சக்கரத்தைத் தடித்த ஸ்போக்ஸ் போட்டுப் பின்னி, பெண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட், தோல் கையுறை, கணுக்கால் மறைகிற ஷூ வேண்டும். பொதுச்சாலையில் ஓட்டிப் பழகவேண்டாம். மூடிய தடமோ அனுமதி வாங்கிய மைதானமோ கிடைக்கும்வரை காத்திருங்கள். முதல் ரேஸுக்குப் பெயர் கொடுக்கும் முன் ஒரு தடவை வெறும் கையோடு போய், சோதனை நடக்கிற இடத்தில் நின்று, எந்த வண்டியை எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கவனியுங்கள். எஞ்சின் வாங்கக் கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.