பாஸ்வேர்ட் ஆப்புக்கு வருஷாவருஷம் சந்தாவா, ஒரே தடவை காசா? காரைக்குடி பக்கத்து கேள்வி பதில்

கேள்வி (காரைக்குடி, செல்போன் கடை): அண்ணே, பாஸ்வேர்டை எல்லாம் பூட்டி வைக்கிற ஒன்பாஸ்வேர்ட் ஆப்பை முன்ன ஒரே தடவை காசு கட்டி வாங்குனேன், இப்ப வருஷாவருஷம் கட்டச் சொல்றாங்க. நியாயமா?

பதில்: தம்பி, நீங்க கட்டுனது அந்த வெர்ஷனுக்கு. ஏழாவது வெர்ஷன் வரைக்கும் அப்படி வாங்க முடிஞ்சுச்சு, எட்டு வந்தப்ப சந்தா மட்டும்தான்னு ஆக்கி, நம்ம மெஷின்லயே வச்சுக்கிற வால்ட்டையும், அதாவது பாஸ்வேர்ட் பெட்டகத்தையும் எடுத்துட்டாங்க. காசு கேக்குறதை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஏன்னா பிரவுசரும் ஆண்ட்ராய்டும் மாறிக்கிட்டே இருக்கு, பாஸ்வேர்டை தானா நிரப்புற ஆட்டோஃபில்லை அதுக்கேத்தாப்ல சரிபண்ணணும், ஓட்டை தெரிஞ்சா உடனே அடைக்கணும், என்னைக்கோ வாங்குன காசுல இதெல்லாம் ஓடாது. ஆனா லோக்கல் வால்ட்டை எடுத்தது எனக்கு இன்னைக்கும் பிடிக்கல. நம்ம பெட்டகம் நம்ம வீட்டுல இருக்கணும்.

கேள்வி (ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை): ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், அவ்வளவுதான். செலவில்லாம முடியுமா?

பதில்: தாராளமா. கம்ப்யூட்டர்ல கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டு போன்ல கீபாஸ்டிஎக்ஸ் போடுங்க. எல்லாம் ஒரே ஃபைலுக்குள்ள பூட்டி இருக்கும், ஆப் செஞ்சவங்க நாளைக்கு கைவிட்டாலும் அதே ஃபைலை வேற ஆப் திறந்துடும், எனக்கு இதுல இதுதான் பெரிய நிம்மதி. ரெண்டு இடத்துலயும் ஃபைலை ஒன்னுபோல வைக்கிற சிங்க் மட்டும் உங்க பொறுப்பு. ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல திருத்தாதீங்க, பென்டிரைவ்ல ஒரு காப்பி வைங்க.

கேள்வி (கானாடுகாத்தான்): தம்பி, மகன் சிங்கப்பூர்ல, மக சென்னையில. வீட்டு வரி, கரன்ட் பில், பேங்க் எல்லாம் என் போன்லதான் இருக்கு. நாளைக்கு எனக்கு ஒன்னுன்னா?

பதில்: ஆச்சி, உங்களுக்குத்தான் சந்தா சரி. பிட்வார்டன்ங்கிற பாஸ்வேர்ட் ஆப்போட ஃபேமிலி பிளான்ல ஆறு பேர் சேரலாம், வீட்டு வரி, கரன்ட் பில்லை எல்லாரும் பாக்குற மாதிரி வைங்க, பேங்க் உங்களோடயே இருக்கட்டும். அதுல அவசர அணுகல்னு ஒன்னு இருக்கு, மகன் கேட்டா உங்களுக்குத் தகவல் வரும், நீங்க குறிச்ச நாளுக்குள்ள வேணாம்னு சொல்லலைன்னா அவருக்குத் திறக்கும். இந்த ஒரு வசதிக்கே காசு கட்டலாம். ஆப்பையே திறக்குற மாஸ்டர் பாஸ்வேர்டை பேப்பர்ல எழுதி நகையோட வைங்க ஆச்சி, அது மறந்தா கம்பெனிக்காரங்களாலயும் எடுத்துத் தர முடியாது.

கேள்வி (தேவகோட்டை): காசு கட்டுனா பாதுகாப்பு கூடுமா?

பதில்: அப்படி இல்ல. லாஸ்ட்பாஸ்ங்கிற பாஸ்வேர்ட் ஆப் 2021 மார்ச்ல இலவசத்தை கம்ப்யூட்டர் இல்லைன்னா போன், ரெண்டுல ஒன்னுன்னு சுருக்குச்சு, 2022ல ஹேக்கருங்க அதோட பேக்கப் வால்ட்டுகளையே திருடிட்டாங்க, அதுல காசு கட்டுனவங்களோடதும் இருந்துச்சு. பூட்டுனபடிதான் போச்சு, ஆனா சைட் முகவரிகள் பூட்டாமலே இருந்துச்சு, மாஸ்டர் பாஸ்வேர்ட் சின்னதா வச்சவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி.

கேள்வி (பள்ளத்தூர்): கார்டுல ஆட்டோபே நின்னுபோனா எல்லாம் போயிடுமா?

பதில்: ஒன்பாஸ்வேர்டுல பாக்கலாம், எக்ஸ்போர்ட் பண்ணி எல்லாத்தையும் ஒரு ஃபைலா வெளிய எடுக்கலாம், புதுசா சேர்க்க முடியாது. பிட்வார்டன்ல தனி ஆள் சந்தான்னா இலவசத்துக்கு இறங்கிடும். வேற எதை வாங்குறதா இருந்தாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுருங்க, விலையெல்லாம் அப்புறம். ரிசர்வ் பேங்க் ரூல்படி காசு எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும், அந்த மெசேஜை விளம்பரம்னு தள்ளிவிட்டுறாதீங்க.

கேள்வி (கோட்டையூர்): எக்ஸ்போர்ட் பண்ண ஃபைலை வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பி வச்சுக்கலாமா?

பதில்: வேணவே வேணாம். எக்ஸ்போர்ட்ல வர்ற சிஎஸ்வி ஃபைல்ல, அதாவது பூட்டில்லாத ஃபைல்ல, பாஸ்வேர்ட் எல்லாம் அப்படியே படிக்கிற மாதிரி கிடக்கும். புது ஆப்ல ஏத்துன கையோட அழிச்சுட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க, டவுன்லோட்ஸ்ல இன்னொரு காப்பி கிடக்கான்னும் பாத்துருங்க.