சந்தைக்கு நடந்தே போன அம்மா, இங்கே வாசலைத் தாண்டுவதில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்தே போய் வந்தவர். கனடாவில் ஸ்காபுறோவுக்கு வந்து இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சலரோகத்துக்கு மெட்போர்மினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறார். முழங்கால் நோவும் உண்டு. ‘விழுந்துவிடுவேன்’ என்று வெளியே வர மறுக்கிறார். எப்படி நடக்க வைப்பது?

பதில்: ஊரில் அம்மா உடற்பயிற்சி செய்யவில்லை. மரக்கறி வாங்கவும் சாமி கும்பிடவும் நடந்தார். ‘சும்மா நடந்துவிட்டு வாங்கோ’ என்றால் இங்கே அவர் எங்கே போவார்? நடைக்கு ஓர் அலுவல் வேண்டும். பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, பக்கத்துக் கடையில் பால் வாங்குவது என்று ஏதாவது ஒன்றை அவரிடமே ஒப்படையுங்கள்.

அவருடைய பயம் நியாயமானது. எவ்வளவு நியாயம் என்பதை வீட்டிலேயே அளக்கலாம். தரையில் 4 மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். 5 நொடிக்கு மேல் ஆனால், 20 மீட்டர் அகல வீதியைக் கடக்க அவருக்கு 25 நொடிக்கு மேல் தேவை. சிக்னல் நேரத்தைப் பொதுவாக நொடிக்கு 1 முதல் 1.2 மீட்டர் நடப்பவர்களை வைத்தே கணக்கிடுகிறார்கள். அதனால் நடுவில் திட்டு உள்ள, ஒடுங்கிய கடவையைத் தேர்ந்தெடுங்கள். சிக்னலில் நொடி எண் குறையத் தொடங்கிவிட்டால் வீதியில் இறங்க வேண்டாம், அடுத்த முறைக்கு நிற்கட்டும்.

அடுத்தது தொடை. கதிரையின் முதுகு சுவரில் முட்டும்படி வையுங்கள். கைகளை மார்பில் கட்டியபடி ஐந்து முறை எழும்பி இருக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 15 நொடிக்கு மேல் எடுத்தால் தொடைத் தசை பலவீனமாகிவிட்டது. அதற்கு மருந்தும் இதே கதிரைதான். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து எழும்ப வேண்டும். இருக்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்க வேண்டும். பலரும் இங்கேதான் பிழை விடுகிறார்கள், தொப்பென்று விழுகிறார்கள். தசை நன்றாக வேலை செய்வதே அந்த இறக்கத்தில்தான். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். முழங்கால் நொந்தால் இருக்கையில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். காலை, மதியம், மாலை ஐந்தைந்து முறை செய்து, சில வாரங்களில் பத்தாக்கலாம்.

சமநிலைக்கு, குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் குதிக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்து 10 நொடி நிற்கட்டும். வாரத்தில் மூன்று நாளாவது இது வேண்டும்.

நடையை 5 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை கூட்டுங்கள். நடந்த நோவு மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கினால் பயமில்லை. முழங்கால் வீங்கினால் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

கிளிக்லசைட் சீனியைத் தாழ்த்தும். நடக்கமுன் இரத்தத்தில் சீனி லீற்றருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். கையில் 15 கிராம் சீனிக்குக் கணக்காகக் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விரதமென்றால் வெறும் வயிற்றோடு நடை வேண்டாம். விரத நாளில் மருந்தை எப்படி எடுப்பது என்று குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பனிக்காலத்தில் பெரிய கடைத்தொகுதிக்குள் (மோல்) நடக்கலாம். வெளியே போனால் சப்பாத்தில் பனியில் ஊன்றும் முள்ளுள்ள பனிப்பிடிப்பான் மாட்டி, சின்ன அடியாக, பாதம் முழுதும் பதிய வைக்க வேண்டும். அதே பிடிப்பானோடு வழவழப்பான தரையில் ஏறினால் வழுக்கும். வாசலில் உட்கார்ந்து கழற்றிவிட்டு உள்ளே போகட்டும். சேலைக் கரை கோட்டுக்குக் கீழே தொங்காமல் பாருங்கள்.

ஒன்ராறியோவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு, விழாமல் தடுக்கும் இலவசப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. 211 என்ற சமூகசேவைத் தகவல் இலக்கத்தை அழைத்து, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுத் தமிழிலேயே அம்மா விசாரிக்கலாம். வகுப்பில் பேச ஆள் கிடைத்தால், அடுத்த வாரம் அவரே உங்களை அவசரப்படுத்துவார்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மயக்கம் வந்தாலோ உடனே 911. கடந்த ஒரு வருடத்தில் ஏற்கெனவே விழுந்திருந்தால், இதில் எதையும் தொடங்குமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணையும் பாதத்தின் உணர்வையும் சோதிக்கச் சொல்லுங்கள்.